கல்யாணக் கேசட் வழக்கு

என் முதல் மனைவியின் குரலைக் கேட்பதற்காக நானும் என் மாமியாரும் கோர்ட்டுக்குப் போனோம். செத்துப்போனவள் குரலுக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் கல்யாணம் வியாசர்பாடியில், ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குப் பின்னால் இருந்த சமுதாயக் கூடத்தில் நடந்தது. இரண்டு வீடும் பௌத்தம் தழுவிய வீடு. புத்தர் சிலைக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, பிக்கு சொல்லச் சொல்ல, மாப்பிள்ளையும் பெண்ணும் மைக்கைப் பிடித்து உறுதிமொழி சொல்ல வேண்டும். மற்றக் கல்யாணங்களில் பெண் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். எங்கள் கல்யாணத்தில் பேசியாக வேண்டும். அவள் பேசினாள். ஐந்து சீலங்களில் ஐந்தாவது, குடிக்க மாட்டேன் என்பது. அதில் வாயில் நுழையாத நீளமான பாலி மொழிச் சொல் ஒன்று வரும். அதில் தடுக்கினாள். திரும்பச் சொன்னாள், மறுபடி தடுக்கியது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சிரித்துவிட்டாள். மூடின கைக்குள்ளிருந்தும் சிரிப்பு ஸ்பீக்கரில் வந்தது. கூடமே சிரித்தது. பிக்குவும் சிரித்தார்.

வீடியோ எடுத்தவர் தண்டையார்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்தார். என் மாமியார் ராயபுரத்தில் ஒரு இறால் கம்பெனியில் தோல் உரிக்கும் வேலை செய்தார். கூட வேலை செய்த ஒரு அம்மாவுக்கு ஸ்டூடியோக்காரர் சொந்தம். அப்படித்தான் அவரைப் பிடித்தோம். நல்ல மனிதர். ஆல்பத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். கேசட் முடிந்ததும் கடைக்குக் கூப்பிட்டு, கவுண்டருக்குப் பின்னால் இருந்த சின்ன டிவியில் போட்டுக் காட்டினார். நானும் அவளும் போயிருந்தோம். மாமியாருக்கு அன்றைக்கு வேலை. வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

சிரித்த இடம் வந்ததும் என் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள்.

"அண்ணா, இந்த எடத்த மட்டும் வெட்டிடுண்ணா. குடிக்க மாட்டேன்னு சொல்ல சொன்னா குடிகாரி மாரி ஒளர்றேன்."

"நல்லாத்தாம்மா கீது. ஜாலியா கீது."

"ஊரே பாத்து சிரிக்கும். வெட்டிட்டு குடுண்ணா, அவசரமில்ல."

அவர் சரியென்று கேசட்டை வைத்துக்கொண்டார். நாங்கள் வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸிலும் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

நான் அப்போது மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று சடையங்குப்பத்தில் வீடு எடுத்திருந்தோம். அந்த வருஷ மழையில் தண்ணீர் வாசற்படிக்கு மேலே வந்தது. வடிந்த பிறகும் பம்பில் வந்த தண்ணீரில் வாடை இருந்தது. காய்ச்சித்தான் குடித்தோம். ஆனாலும் அவளுக்குக் கண் மஞ்சளானது. அப்போது வயிற்றில் பிள்ளை. வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலைந்து நாளில் பேச்சு குழறியது. என்னைப் பார்த்து, "கேட் யார் பாத்துக்கிறாங்க? நீ போ" என்று வேலைக்கு அனுப்பப் பார்த்தாள். அதற்குப் பிறகு தெளிவாக எதுவும் பேசவில்லை. மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தோம். ஸ்டூடியோக்காரர் வந்திருந்தார். ஆல்பத்திலிருந்த படம் ஒன்றைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு அவரே எடுத்துவந்தார். துட்டு வாங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். மாமியார் என்னிடம் கேட்டார். "மாப்ள, அந்த கேசட்டு இன்னா ஆச்சு? நான் பாக்கவே இல்லியே."

ஸ்டூடியோவுக்குப் போனேன். எடிட்டிங்குக்குக் கோடம்பாக்கம் போயிருக்கிறது என்றார். அடுத்த முறை போனபோது கடைப் பையன் ஊருக்குப் போயிருக்கிறான் என்றார். அதற்கடுத்த முறை நான் போகிற நேரம் பார்த்து ஆள் இல்லை. கடைசியில் மாமியாரே, "நானும் வர்றேன்" என்று கிளம்பினார். கம்பெனியில் நாள் முழுக்க ஐஸில் கையை விட்டு வேலை செய்து அவருக்கு விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அந்தக் கையைக் கண்ணாடிக் கவுண்டர் மேல் வைத்துக்கொண்டு நின்றார். "நைனா, குடுக்க முடியலன்னா பரவால்ல. ஒரே ஒரு வாட்டி போட்டு காட்டு. எம் பொண்ணு பேசறத கேட்டுட்டு போயிட்றேன்."

ஸ்டூடியோக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கேசட்டை எடுத்துவந்து டிவியில் போட்டார்.

சமுதாயக் கூடத்து வாசல் வந்தது. தோரணம் வந்தது. எங்கள் பேர் போட்ட தெர்மோகோல் வந்தது. ஆட்டோவிலிருந்து அவள் இறங்கினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் பார்த்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திரை ஒரு நொடி புள்ளி புள்ளியாக நடுங்கியது. அப்புறம் நாதஸ்வரம். வேறு ஒரு மண்டபம், வேறு ஒரு பெண், தலை குனிந்து உட்கார்ந்திருந்தது.

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. மாமியார் டிவியைப் பார்த்தபடியே இருந்தார், அந்தப் பெண்ணுக்குப் பிறகு தன் பெண் வருவாள் என்று.

"அத்தே, அவ்ளோதான்" என்றேன்.

"இன்னா அவ்ளோதான்?"

ஸ்டூடியோக்காரர் சொன்னார். பையன் புதுக் கேசட் என்று நினைத்து அதன்மேலேயே இன்னொரு கல்யாணத்தை எடுத்துவிட்டானாம். ஆரம்பம் மட்டும் எப்படியோ மிச்சமாகிவிட்டது. சொல்லத் தைரியம் வரவில்லை என்றார். மாமியார் திரும்பப் போடச் சொன்னார். போட்டார். ஆட்டோவிலிருந்து இறங்கினாள், வாயைத் திறந்தாள், நாதஸ்வரம். இன்னொரு தரம் போடச் சொன்னார். அதற்கு மேல் ஸ்டூடியோக்காரரால் முடியவில்லை, டிவியை அணைத்துவிட்டார்.

"மிச்சம் இருக்கற அந்த கேசட்ட எங்களாண்ட குடுத்துடுங்க" என்றேன் நான்.

"அது வேற பார்ட்டியோட கல்யாணம்பா. அவங்க மாஸ்டர் கேசட்டு, காப்பி போட்றது இதுல இருந்துதான். அத்த எப்டி குடுக்கறது?"

"அந்த எடத்த மட்டும் காப்பி போட்டு குடுங்க."

"பாக்கறேன்." அந்தப் பாக்கறேன் பல மாதம் ஓடியது. போகும்போதெல்லாம் மிஷின் ரிப்பேர், தலை வலி, இன்றைக்கு முகூர்த்தம். ஒருநாள் கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் முன்னால் மாமியார் குரலை உயர்த்திவிட்டார். ஸ்டூடியோக்காரருக்கும் கோபம் வந்துவிட்டது. "வாங்கின அட்வான்ஸ திருப்பி குடுத்துட்றேன், எடுத்துக்கினு போ. சும்மா கடையாண்ட வந்து பேஜாரு பண்ணாதே. வேணும்னா கேஸ் போட்டுக்கோ."

அவர் வாயில் வந்ததைச் சொன்னார். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார்.

புளியந்தோப்பில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் வக்கீல் இருந்தார். அப்போதுதான் தொழிலுக்கு வந்திருந்தார். சின்னத் தொகை வழக்குகள் நடக்கிற கோர்ட்டில் போடலாம் என்றார். எழுத ஆரம்பித்துவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"அம்மா, கோர்ட்ல பொருளைக் கேக்கலாம். பொருள் இல்லைன்னா அதுக்கு நஷ்ட ஈடு கேக்கலாம். ரெண்டுக்கும் ஒரு மதிப்பு போட்டாகணும். எவ்வளவு போடட்டும்?"

"மதிப்புன்னா?"

"விலைம்மா."

"வெல சொல்றதுக்கு அது இன்னா எறாலா, எட போட்டு சொல்ல? எனக்கு அவ பேசறத கேக்கணும். அத்த எழுது."

"அதை எழுத முடியாதும்மா."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் வக்கீலைப் பார்த்து, நீங்களே ஏதாவது போடுங்கள் என்றேன். கோர்ட் கட்டணம் குறைவாக வரட்டும் என்று அவர் ஒரு சின்னத் தொகையைப் போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். நான் வாதி, மாமியார் சாட்சி. போட்டுவிட்டு வெளியே வந்தபோது, வழக்கு தொடங்குவதற்கு முன்பே எதையோ ஒத்துக்கொண்டுவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

முதல் சம்மன் திரும்பி வந்தது. ஆள் இல்லை என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவதும் அப்படியே. அடுத்ததை வாங்கிக்கொண்டு ஸ்டூடியோக்காரர் வக்கீல் வைத்தார். பதில் தாக்கல் செய்ய வாய்தா, அவருடைய வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்று வாய்தா, நீதிபதி மாற்றலானதால் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் எனக்கு ஒரு நாள் சம்பளம் போகும், மாமியாருக்கும் போகும். ரயில் ஸ்டேஷனில் அவர் எனக்கு முன்னாலேயே வந்து நிற்பார், கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு. கோர்ட் வராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில் உட்காருவோம். டவாலி பேர் கூப்பிடுவார், உள்ளே ஓடுவோம், நாங்கள் போய் நிற்பதற்குள் அடுத்த தேதி சொல்லியிருப்பார்கள். மாமியார் வாசலில் நின்று என்னைக் கேட்பார், "இன்னா சொன்னாங்க?" தேதியைச் சொல்வேன். "அன்னிக்கு போட்டு காட்டுவாங்களா?" என்பார்.

வழக்கு தொடங்கி அடுத்த வருஷம் எங்கள் வக்கீல் மனுப் போட்டு, மிச்சமிருந்த அந்தக் கேசட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்கும்படி உத்தரவு வாங்கினார். ஸ்டூடியோக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த இன்னொரு கல்யாணக்காரர்களுக்கு அதற்குள் அவர் காப்பி கொடுத்து முடித்திருந்தார். குமாஸ்தா அதைக் காக்கிக் கவரில் போட்டு, நூல் கட்டி, அரக்கு வைத்தார். மாமியாருக்கு அன்றைக்குச் சந்தோஷம். கடைக்காரன் கையிலிருந்து சர்க்கார் கைக்கு வந்துவிட்டது, இனிமேல் பயமில்லை என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

காப்பி எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு வக்கீல் இன்னொரு மனுப் போட்டார். எதிர்த் தரப்பு ஆட்சேபித்தது. சாட்சியப் பொருளை வெளியே அனுப்பினால் திருத்திவிடுவார்கள் என்றார்கள், அதில் மூன்றாவது ஆட்களின் கல்யாணமும் இருக்கிறது என்றார்கள். அந்த மனுவுக்கும் வாய்தா போட்டார்கள். கடைசியில் வழக்கோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இதற்கு நடுவில் எனக்கு இரண்டாம் கல்யாணம் ஆனது. வீட்டில் வற்புறுத்தினார்கள். ஒரு வருஷம் தள்ளினேன், அப்புறம் தள்ள முடியவில்லை. மாமியாரிடம் போய்ச் சொன்னேன். "பண்ணிக்கோ மாப்ள, நீ எத்தினி நாளிக்கு ஓட்டல்ல துன்னுவே" என்றார். கல்யாணத்துக்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் போனார். வீடியோ வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். வாய்தா நாட்களில் இப்போதைய மனைவி எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுப்பாள். எதுவும் கேட்க மாட்டாள்.

என்னைக் குறுக்கு விசாரணை செய்த நாள் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஸ்டூடியோக்காரரின் வக்கீல் வயதானவர், சத்தம் போடாதவர்.

"கல்யாண ஆல்பம் உங்களிடம் கொடுக்கப்பட்டதா?"

"கொடுத்தாங்க."

"முன்பணத்தைத் திருப்பித் தருவதாக என் கட்சிக்காரர் சொன்னாரா?"

"சொன்னாரு."

"உங்களுக்கு மறுமணம் ஆகிவிட்டதா?"

எங்கள் வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். நீதிபதி, பதில் சொல்லலாம் என்றார்.

"ஆயிடுச்சு."

"இப்போதைய மனைவியுடன் நல்லபடியாக வாழ்ந்துவருகிறீர்கள்?"

"ஆமாங்க."

"அப்படியானால் முதல் திருமணத்தின் வீடியோ இல்லாமல் போனதால் உங்களுக்கு இன்று என்ன நஷ்டம்?"

கூண்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. இல்லை, எதுவும் இருக்கவில்லை. மாமியார் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாதி மௌனமாக இருந்தார் என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வாய்தாவில் மாமியார் கூண்டில் ஏறினார். அவரிடமும் அதே வக்கீல், "உங்கள் மகளின் புகைப்படங்கள் இருக்கின்றன அல்லவா?" என்று கேட்டார்.

"கீதுங்க."

"பெரிய படமும் என் கட்சிக்காரர் இலவசமாகப் போட்டுக் கொடுத்தார் அல்லவா?"

"ஆமாங்க, குடுத்தாரு. நல்ல மனுசன். அந்த போட்டோல எல்லாம் வாய மூடிக்கினு கீதுங்க அது." நீதிபதி பக்கம் திரும்பினார். "ஐயா, உங்களாண்டதான் அந்த கேசட்டு கீதுன்றாங்க. ஒரு வாட்டி போட்டு காட்டுங்க. கேஸ தள்ளிட்டா கூட பரவால்ல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. மாமியார் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். வராந்தாவில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "தப்பா பேசிட்டனா மாப்ள?" என்று கேட்டார்.

தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வந்தது. ஸ்டூடியோக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்லி, முன்பணத்தோடு மன உளைச்சலுக்கும் ஒரு சின்னத் தொகை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று வக்கீல் கை கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அது முதல் வெற்றியோ என்னவோ, முகம் மலர்ந்திருந்தது. அதைக் கெடுக்க மனமில்லாமல் நானும் சிரித்தேன்.

அப்பீல் காலமெல்லாம் கழிந்து, மனுப் போட்டு, கேசட்டைத் திரும்ப வாங்க மேலும் பல மாதங்கள் ஆயின. ஸ்டூடியோக்காரர் தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதால் எங்களிடமே கொடுத்தார்கள். அரக்கு உடையாத அதே காக்கிக் கவர். மாமியார் அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குள் ஊரெல்லாம் சிடி வந்து, கேசட் போடும் டெக் வைத்திருக்கிற வீடே அருகிவிட்டது. நேராக ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், பழைய டெக் ரிப்பேர் செய்கிற கடை ஒன்றைத் தேடிப் பிடித்தோம்.

கடைக்காரர் கவரைப் பிரித்தார். கேசட்டின் மூடியைத் தூக்கி டேப்பை வெளிச்சத்தில் பார்த்தார். விளிம்பு முழுக்க வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

"பூஞ்சக்காளான். இத்த போட்டா எம் மிஷின் ஹெட்டு போயிடும்."

"ஆரம்பம் மட்டும் போதும்பா" என்றார் மாமியார். "மொதல்லயே வந்துடும்."

அவர் தயங்கினார். அப்புறம் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, முடிந்த மட்டும் துடைத்து, ஒரு பழைய டெக்கில் போட்டார். சாம்பல் கோடுகள் ஓடின. கடல் மாதிரி ஒரு இரைச்சல். டேப் சிக்கிக்கொண்டது. வெளியே இழுத்தபோது சுருண்டு, முன்பகுதி அறுந்து வந்தது. எங்கே பூத்தது அந்தக் காளான் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டூடியோவிலேயே பிடித்திருக்கலாம். நம் ஊர்க் காற்றுக்கு எங்கே வைத்தாலும் பிடிக்கும் என்றார் கடைக்காரர். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மாமியார் அழவில்லை. அறுந்த டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். "கேஸே போடாம அவனாண்ட கெஞ்சிக்கினே இருந்திருந்தா, ஒருநாள் மனசு எறங்கி குடுத்துருப்பானோ?" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான் வழியெல்லாம். "குடுத்திருக்க மாட்டாரு அத்தே" என்று சொன்னேன்.

ஸ்டூடியோக்காரர் கடையை மூடிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். தீர்ப்புத் தொகைக்காகத் திரும்ப ஒரு மனுப் போடலாம் என்று வக்கீல் சொன்னார். எங்களுக்குத் தெம்பில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோக்காரரே வியாசர்பாடியில் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். தலை நரைத்திருந்தது. எங்கேயோ ஜெராக்ஸ் கடையில் வேலை என்றார். பணத்தை ஒரு கவரில் போட்டு எடுத்துவந்திருந்தார்.

"குந்து நைனா" என்று பாயை விரித்தார் மாமியார். டீ போட்டுக் கொடுத்தார். கவரைத் தொடவில்லை. அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நீதான அன்னிக்கு எடுத்தே. காதுல ஹெட்போனு மாட்டிக்கினு, எல்லாருக்கும் முன்னால நின்னுக்கினு இருந்தே. நான் பந்தி வேலையா பின்னால கீறேன், சரியாவே கேக்கல. ஆட்டோவுல இருந்து எறங்கி உன்ன பாத்து எதோ சொல்லுச்சே. இன்னா சொல்லுச்சு?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியலம்மா."

"கொஞ்சம் யோசிச்சு பாரு."

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. "அந்த மாசம் நெறய கல்யாணம்மா. பொய் சொல்லி உன்ன ஏமாத்த மனசு வரல. எனக்கு அந்த பொண்ணு மொகமே அந்த போட்டோல இருந்துதாம்மா ஞாபகம் கீது."

"சரி" என்றார் மாமியார். அவர் போன பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். என்னிடம் அதே கேள்வியைக் கேட்பாரோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். நான் அப்போது மேடையில் பிக்குவோடு இருந்தேன், அவள் வந்து இறங்கியதைப் பார்க்கவில்லை; கடையில் போட்டுக் காட்டியபோதும் அந்த இடத்தில் என்ன சொன்னாள் என்று கவனிக்கவில்லை. அது மட்டும் என்றால் சொல்லிவிடலாம். அவள் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் என்ன சொல்வது? அவள் சொன்ன வார்த்தைகள் நினைவிருக்கின்றன. சத்தம் நினைவில்லை. வழக்கு நடந்த வருஷங்களில் எப்போதோ, ஏதோ ஒரு வாய்தாவுக்கும் இன்னொரு வாய்தாவுக்கும் நடுவில், அது போயிருக்கிறது. போனது எனக்கே தெரியவில்லை.

அவர் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். அந்தப் பணத்தில் மூலக்கொத்தளத்தில் அவளுக்கு ஒரு கல் வைக்கலாமா என்று நான்தான் கேட்டேன். வைத்தோம். கல்லில் பேர் செதுக்குகிறவர், வேறு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டார். மாமியார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பேர் போதும் என்று சொல்லிவிட்டோம்.